வாசற்படியில் லாசரு: விக்டோரியா காலப் புதினங்களில் பேராசையும் ஏழையர்பால் இரக்கமும்

லூக்கா நற்செய்தியில் செல்வத்தைக் குறித்த உவமைகளுள் இரண்டு போதகர்களால் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. பன்னிரண்டாம் அதிகாரத்துச் செல்வன் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரியனவாகக் கட்டத் திட்டமிடுகிறான். அன்றிரவே அவன் உயிர் கேட்கப்படுகிறது. பதினாறாம் அதிகாரத்துச் செல்வன் எதையும் பதுக்கியதாகச் சொல்லப்படவில்லை. அவன் நன்றாக உடுத்தினான், நன்றாக உண்டான். அவன் வாசலில் ஒருவன் கிடந்தான். முன்னவன் குற்றம் சேர்த்து வைத்தது. பின்னவன் குற்றம் காணாதிருந்தது. விக்டோரியா அரசியாரின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இங்கிலாந்தில் எழுந்த புதினங்களுள் பேராசையைப் பொருளாகக் கொண்டவற்றைப் பயிலும்போது, அவற்றுள் சிறந்தவை இரண்டாம் உவமையின் வழியிலேயே நடந்திருப்பதை நாம் காண்கிறோம். அந்த உவமை அக்காலத் திருச்சபையை நோக்கியும் எவ்வாறு திருப்பப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பொற்காசுகளை எண்ணி மகிழும் கருமி இலக்கியத்திற்குப் புதியவன் அல்லன். அவனை நகைப்புக்குரியவனாக்குவதும் எளிது. ஜார்ஜ் எலியட் 1861-இல் வெளியிட்ட சைலஸ் மார்னர் என்னும் புதினம் அப்பாத்திரத்தையும் ஆழமாக நோக்கியது. அதில் வரும் நெசவாளன் இளமையில் பக்திமிகுந்த சிறு சபையொன்றின் உறுப்பினன். செய்யாத திருட்டுக்காக அவன்மேல் பழி சுமத்தப்படுகிறது. சபையார் சீட்டுப் போட்டுப் பார்த்து அவனைக் குற்றவாளியெனத் தீர்க்கின்றனர். மனிதரிடத்தும் கடவுளிடத்தும் நம்பிக்கையிழந்தவன் தொலைதூரச் சிற்றூரில் குடியேறிப் பொன்னிடத்தில் அன்பு வைக்கிறான். அக்கருமியை உருவாக்கியதில் ஒரு சபைக்குப் பங்குண்டு என்பது கதையைப் படிக்கும் குருமார் மறக்கத்தகாத செய்தி. எனினும் நாம் இங்குக் கருதும் பேராசை தனி மனிதனின் பெட்டிக்குள் அடங்குவதன்று. சட்டத்தினுள்ளும் கணக்கினுள்ளும் மரியாதைக்குரிய வாழ்வினுள்ளும் அது குடியிருந்தது.

சட்டத்தை முதலில் நோக்குவோம். 1601-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியார் காலத்தில் இயற்றப்பட்ட ஏழையர் சட்டத்தின்படி, அந்தந்தச் சபை வட்டாரத்தின் ஏழைகளைக் காப்பது அவ்வட்டாரத்தின் கடமை. நிலமுடையோர் செலுத்திய வரியிலிருந்து உதவி வழங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் இச்செலவு ஆண்டிற்கு ஏறத்தாழ 70 இலட்சம் பவுனாக உயர்ந்தபோது, வரி செலுத்துவோர் முறையிட்டனர். அம்முறையீட்டில் நியாயம் சிறிதும் இல்லையெனக் கூற இயலாது. 1832-இல் விசாரணைக்கென அரசு ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் லண்டன் பேராயர் பிளோம்ஃபீல்டு. உறுப்பினருள் ஒருவர் செஸ்டர் பேராயர் சம்னர். இவர் 1848-இல் கான்டர்பரித் தலைமைப் பேராயரானவர். அறிக்கையை எழுதியதில் பெரும்பங்கு நாசோ சீனியர், எட்வின் சாட்விக் ஆகிய இருவருடையது என்றபோதிலும், அதன்கீழ் இரு பேராயரின் பெயர்கள் இருந்தன. அவ்வறிக்கையின்மேல் 1834-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது.

இப்புதிய சட்டத்தின் அடிப்படைக் கொள்கை, உதவி பெறும் ஏழையின் நிலை உழைத்துண்ணும் மிகத் தாழ்ந்த தொழிலாளியின் நிலையைவிடக் கீழாகவே இருத்தல் வேண்டும் என்பது. உடல் நலமுடையோர் வீட்டிலிருந்தபடி உதவி பெறலாகாது. வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் வந்தாக வேண்டும். அங்குக் கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர். பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். உணவு அளந்து இடப்பட்டது. யாரும் விரும்பி வாராதபடி அவ்விடம் அமைய வேண்டும் என்பதே நோக்கம். மக்கள் அதற்குப் பிரெஞ்சுச் சிறையின் பெயரால் பாஸ்டீல் என்று பெயரிட்டனர். 1845-இல் ஆண்டோவர் என்னும் ஊரின் விடுதியில், எருவுக்காக எலும்பு நொறுக்கும் வேலையிலிருந்தவர்கள் பசியால் அவ்வெலும்புகளிலிருந்த அழுகிய மச்சையைத் தின்ற செய்தி வெளிவந்து நாட்டை நடுங்கச் செய்தது.

இரக்கத்தைக் குறைப்பதே இரக்கம் என்னும் இவ்வாதத்திற்கு இறையியல் துணையும் தேடப்பட்டது. மக்கட்பெருக்கம் உணவுப் பெருக்கத்தை விஞ்சும் என்று 1798-இல் எழுதிய மால்தஸ் திருச்சபையின் குருவே. சம்னரும் பேராயராகுமுன் 1816-இல் எழுதிய நூலில், மால்தஸின் கோட்பாடு கடவுளின் நற்குணத்தோடு முரண்படாது என நிறுவ முயன்றார். பற்றாக்குறை மனிதனை உழைப்பிற்கும் ஒழுக்கத்திற்கும் பயிற்றும் பள்ளியாயிற்று. இக்கோட்பாடு இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரைப் பயிற்றிய ஹெய்லிபரிக் கல்லூரியில் மால்தஸ் 1805 முதல் 1834-இல் மறையும்வரை ஆசிரியராக இருந்தார். அவருக்குப் பின் அதே கல்லூரியில் பயின்ற ரிச்சர்டு டெம்பிள், 1877-இல் சென்னை மாகாணத்துப் பெரும் பஞ்சத்தின்போது அனுப்பப்பட்டு, நிவாரண வேலை செய்தோர்க்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசுமே போதுமெனக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதனைக் கடுமையாக எதிர்த்தார். உதவியை அளந்து குறைக்கும் கை, கடல் கடந்தும் நீண்டது.

திருச்சபையார் அனைவரும் இச்சட்டத்தின் பக்கம் நின்றனர் எனக் கருதலாகாது. யார்க்ஷயரில் ஜார்ஜ் புல் என்னும் ஆங்கிலிக்கன் குரு அதனை வெளிப்படையாக எதிர்த்தார். மெதடிஸ்டுப் போதகராயிருந்த ஜோசப் ரேனர் ஸ்டீபன்ஸ் தம் ஆவேசப் பேச்சுகளுக்காக 1839-இல் சிறை புகுந்தார். ஆயினும் மேடைப் பேச்சுக்கு எட்டாத வீடுகளுக்குள் நுழைந்தது புதினம். மாத இதழ்களிலும் தனிப் பகுதிகளாகவும் வெளிவந்த கதைகளை ஒருவர் படிக்கக் குடும்பத்தார் சுற்றியிருந்து கேட்டனர்.

1837 பிப்ரவரி மாதத்தில், விக்டோரியா அரியணை ஏறுவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், சார்லஸ் டிக்கன்ஸ் தாம் ஆசிரியராயிருந்த மாத இதழில் ஆலிவர் டுவிஸ்ட் கதையைத் தொடங்கினார். அதன் துணைத் தலைப்பு, சபை வட்டாரப் பிள்ளையின் யாத்திரை என்னும் பொருளுடையது. ஜான் பனியனின் நூலை நினைவூட்டவே அத்தலைப்பு அமைந்தது. பனியனை இரட்சணிய யாத்திரிகத்தின் வழியாகவும் அறிந்த நமக்கு அதிலுள்ள கசப்பு எளிதில் விளங்கும். இங்கே யாத்திரை தொடங்குவது அழிவின் நகரத்திலிருந்து அன்று, திருச்சபையின் பெயரால் நடத்தப்படும் விடுதியிலிருந்து. ஆலிவர் இன்னும் சற்றுக் கஞ்சி கேட்ட காட்சியைப் பலரும் அறிவர். அதற்கு முன்னரே வரும் மற்றொரு செய்தி நம் கருத்துக்கு உரியது. கைக்குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பேற்ற மூதாட்டிக்கு வாரந்தோறும் தலைக்கு ஏழரைப் பென்ஸ் வழங்கப்படுகிறது. அதில் பெரும்பகுதியை அவள் தனக்கென எடுத்துக்கொள்கிறாள். மேலிருந்து சட்டம் குறைத்ததைக் கீழிருந்து கைகள் மேலும் குறைக்கின்றன. ஏழையின் பங்கிலிருந்து வாழ்வோர் என்னும் இக்கருத்து, பின்னர் வேறொருவர் எழுதிய புதினத்தில் திருச்சபைக்கு மிக நெருக்கமான இடத்தில் மீண்டும் தோன்றும்.

அக்கதையின் பம்பிள் என்னும் சபைச் சேவகரின் அங்கியில் பித்தளைப் பொத்தான்கள் உண்டு. அவற்றில் நல்ல சமாரியன் உருவம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதுவே அவ்வட்டாரத்தின் முத்திரை. நள்ளிரவில் ஒரு வீட்டு வாசலில் குளிராலும் வறுமையாலும் இறந்துபோன சிறுவணிகன் ஒருவனைக் குறித்த மரண விசாரணைக்கே அப்பொத்தான்களை அவர் முதன்முதலில் அணிந்து சென்றார். டிக்கன்ஸ் இதனைப் போகிறபோக்கில் சொல்லிச் செல்கிறார். திருமறையின் உவமையை முத்திரையாகப் பொறித்துக்கொண்ட நிறுவனம், அவ்வுவமையில் வரும் லேவியனைப் போல் விலகிச் சென்றதைக் காட்ட வேறு விளக்கம் தேவையில்லை.

டிக்கன்ஸ் இவற்றைத் தூரத்திலிருந்து எழுதியவர் அல்லர். 1824-இல் அவர் தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். பன்னிரண்டு வயதுச் சிறுவனாகிய சார்லஸ் காலணி மைத் தொழிற்கூடத்தில் வாரம் ஆறு ஷில்லிங் கூலிக்கு உழைத்தார். இதனை நெருங்கிய நண்பரைத் தவிர வேறெவரிடமும் அவர் பெரும்பாலும் பேசியதில்லை. அவர் மறைந்த பின்பே உலகம் அறிந்தது.

1843 டிசம்பரில் வெளிவந்த கிறிஸ்துமஸ் கரோல் கதையை நம் சபைகளில் நாடகமாகவும் நடித்திருக்கிறோம். அதனால் அதன் கூர்மை நமக்குச் சற்று மழுங்கியிருக்கவும் கூடும். சிறுவர்களின் வேலை நிலையைக் குறித்து அவ்வாண்டு வெளியான அரசு அறிக்கை டிக்கன்ஸை உலுக்கியது. செப்டம்பரில் லண்டனின் கந்தைப் பள்ளி எனப்பட்ட ஏழைச் சிறார் பள்ளியொன்றை அவர் நேரில் கண்டார். துண்டு வெளியீடு எழுத எண்ணியவர், அதனினும் வலிய சம்மட்டி கதையே எனத் தெளிந்தார். ஸ்குரூஜ் வெறும் கருமியாயிருந்தால் அக்கதை நகைச்சுவையாக முடிந்திருக்கும். தருமம் கேட்டு வந்த இருவரிடம் அவர் பேசும் பேச்சை நோக்குக: சிறைகளும் ஏழையர் விடுதிகளும் இருக்கின்றனவே என்கிறார், அங்குப் போவதினும் சாவதே மேலென நினைப்போர் செத்து, மிகையான மக்கள் தொகையைக் குறைக்கட்டும் என்கிறார். இது கருமியின் மொழியன்று. பேராயர்கள் கையொப்பமிட்ட அறிக்கைக்குப் பின்நின்ற கோட்பாட்டின் மொழி. பின்னர், நொண்டிச் சிறுவன் பிழைப்பானா என்று அவர் கலங்கிக் கேட்கும்போது, ஆவி அதே சொற்களை அவரிடமே திருப்பிச் சொல்கிறது. தொகையில் ஓர் எண்ணாயிருந்தவன் முகமும் பெயரும் பெற்ற கணத்தில் கோட்பாடு வாயடைத்துப் போகிறது.

வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூ என்னும் இதழ் மறு ஆண்டில் ஒரு வினா எழுப்பிற்று. எழுத்தன் வீட்டிற்கு வான்கோழி கிடைத்ததே, அதனால் அதனை இழந்தவர் யார் என்று ஆசிரியர் சொல்லவில்லையே என்பது அவ்வினா. இதனைக் கல்நெஞ்சரின் கேள்வி என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. என் கருத்தில் அது நல்ல கேள்வியே. கேட்டவர் நினைத்ததினும் நல்ல கேள்வி. தனி மனிதனின் மனமாற்றம் ஒரு வீட்டிற்குப் பண்டிகை விருந்தளிக்கும். ஆலைக்கூலியை அது என்ன செய்யும்? டிக்கன்ஸ் அக்கதையில் அங்குப் போகவில்லை.

அங்குப் போனவர் ஒரு போதகரின் மனைவி. எலிசபெத் காஸ்கெல் மான்செஸ்டர் நகரத்தின் கிராஸ் தெருச் சிற்றாலயத்தில் பணியாற்றிய யூனிட்டேரியன் போதகர் வில்லியம் காஸ்கெலின் துணைவியார். 1845-இல் தம் ஆண் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவர், துயரத்தை ஆற்றிக்கொள்ள எழுதத் தொடங்கினார். 1848-இல் பெயரின்றி வெளிவந்தது மேரி பார்ட்டன். பொருளாதார நூல் தமக்குத் தெரியாது என்று முன்னுரையில் அவர் கூறியதை மதிப்புரையாளர் சிலர் அவருக்கு எதிராகவே திருப்பினர். ஆலை முதலாளிகளுக்கு அநீதி இழைத்துவிட்டார் என்று 1849-இல் எடின்பரோ ரிவியூ குறை கூறிற்று. போதகரின் சபையில் முதலாளிகளும் அமர்ந்திருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், அவர் எழுதியதற்கு வேண்டிய துணிவு விளங்கும்.

அப்புதினத்தின் ஆறாம் அதிகாரத்தை இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் படித்தல் நலம். ஆலை தீப்பற்றி எரிந்தமையால் வேலையிழந்த டாவன்போர்ட் என்பவன், கழிவுநீர் கசியும் நிலவறையொன்றில் காய்ச்சலால் கிடக்கிறான். மனைவி மக்கள் பட்டினி. நெசவுத் தொழிலாளியான ஜான் பார்ட்டன், தானும் வறியவன், வீட்டிற்குச் சென்று தன் நல்ல மேற்சட்டையையும் தனக்கிருந்த ஒரே பட்டுக் கைக்குட்டையையும் எடுத்து அடகு வைக்கிறான். கிடைத்தது ஐந்து ஷில்லிங். அதில் இறைச்சியும் ரொட்டியும் நிலக்கரியும் வாங்கிச் செல்கிறான். மறுநாள் அவன் நண்பன் வில்சன், மருத்துவமனைச் சீட்டுக் கேட்டு முதலாளி கார்சனின் மாளிகைக்குச் செல்கிறான். மூன்றாண்டுகளுக்கு மேல் தம் ஆலையில் உழைத்தவனின் பெயர் அவருக்கு நினைவில்லை. வேலையாட்களின் பெயர்களைத் தாம் அறிந்துவைப்பதில்லை, மேற்பார்வையாளரே அறிவார் என்கிறார். உள்நோயாளியாகச் சேர்க்கும் சீட்டும் இல்லை. புறநோயாளிச் சீட்டு ஒன்றைத் தருகிறார். அவர் மகன் உணவை முடித்து எழுந்து செல்லும்போது, பாவப்பட்டவனுக்கு என்று தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் ஐந்து ஷில்லிங்.

தொகை ஒன்றே. காஸ்கெல் அம்மையார் அவ்வொற்றுமையைச் சுட்டிக்காட்டாமல் விட்டுவிடுகிறார். ஆலயக் காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்து பார்த்த விதவையின் காசுகளை நினைத்துக்கொள்ளும் வேலை நமக்கு. முதலாளியின் மகனைக் கொடியவனாக அவர் காட்டவில்லை என்பதையும் கவனித்தல் வேண்டும். அவன் கொடுத்தான், கொடுத்ததை அப்போதே மறந்தான். அவன் தந்தை தாழ்ந்த நிலையிலிருந்து உழைத்து உயர்ந்தவர். தாய் ஒருகாலத்தில் ஆலையில் வேலை செய்தவள். வறுமையை அறிந்த வீடே வறியவனின் பெயரை மறந்திருக்கிறது. லூக்காவின் உவமையில் ஏழைக்குப் பெயருண்டு, செல்வனுக்குப் பெயரில்லை. கார்சனின் சாப்பாட்டு அறையில் அது தலைகீழாயிற்று. ஜான் பார்ட்டன் அவ்வுவமையை அறியாதவன் அல்லன். கதையின் தொடக்கத்திலேயே, செல்வருக்கும் ஏழைகளுக்கும் இடையேயுள்ள பெரும்பிளப்பைச் சொல்ல லாசருவின் கதையையே எடுத்தாள்கிறான்.

பின்னர் நிகழ்வது துயரம். கூலி கேட்டு வந்த பிரதிநிதிகளின் மெலிந்த கோலத்தை இளைய கார்சன் கேலிச் சித்திரமாக வரைந்து எறிகிறான். அத்தாளையே கிழித்துச் சீட்டுப் போட்டு அவனைக் கொல்வோனைத் தொழிலாளர் தெரிந்தெடுக்கின்றனர். சீட்டு விழுந்தவன் ஜான் பார்ட்டன். அடகு வைத்து அயலானுக்கு உணவளித்த அதே கை கொலை செய்கிறது. இறுதியில் மகனை இழந்த தந்தை நற்செய்தி நூலைத் திறந்து படித்தபின் திரும்பி வருகிறார். கொலைஞன் அவர் கைகளில் உயிர் விடுகிறான். இம்முடிவு எளிதாகிவிட்டது என்பர் திறனாய்வாளர். மேரியும் அவள் கணவனும் கனடாவுக்குக் கப்பலேறிச் செல்வதையும் சுட்டுவர். ஒப்புக்கொள்ளலாம். எனினும் மன்னிப்போடு கார்சனின் கதை நிற்கவில்லை. மான்செஸ்டரின் தொழில்முறையில் பின்னர் நேர்ந்த சீர்திருத்தங்கள் சிலவற்றிற்கு அவரே காரணமானார் என்று ஆசிரியர் சேர்க்கிறார். வெஸ்ட்மின்ஸ்டர் ரிவியூவின் கேள்விக்கு ஒரு பாதி விடையேனும் இங்குண்டு.

தமிழகத்துச் சபையாராகிய நம்மை நேரே தொடும் காட்சி 1852–53-இல் வெளிவந்த பிளீக் ஹவுஸ் புதினத்தில் இருக்கிறது. ஜோ என்னும் அனாதைச் சிறுவன் லண்டனின் தெருச் சந்தியைக் கூட்டிப் பிழைப்பவன். எழுத்தறியான், வேண்டுதல் அறியான். ஒரு காலையில் அவன் தன் அழுக்கு ரொட்டித் துண்டைத் தின்ன ஒரு வாசற்படியில் அமர்கிறான். அது அயல்நாடுகளில் நற்செய்தி பரப்பும் சங்கத்தின் வாசற்படி. நம் நாட்டில் எஸ்.பி.ஜி. என்று பெயர் வழங்கிய அதே சங்கம். தின்று முடித்தபின், இடம் கொடுத்ததற்கு நன்றியாக அப்படியைத் துடைத்துவிட்டுப் போகிறான். அக்கட்டடம் எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

அக்காட்சி அச்சேறிய காலத்தில் அச்சங்கத்தின் ஊழியராகக் கால்டுவெல் இடையன்குடியில் பணியாற்றிக்கொண்டிருந்தார். திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் அச்சங்கத்தின் உதவியால் எழுந்த பள்ளிகளில் எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிந்தனர். இங்கிருந்த ஜோக்களுக்கு அவ்வாசல் திறந்திருந்தது. ஆகவே டிக்கன்ஸின் தாக்குதல் முழுமையும் நீதியானதென்று நம்மால் கூற முடியாது. சங்கங்களுக்குச் சென்ற காசுகள் யாவும் மாளிகைகளிலிருந்து வந்தவையும் அல்ல. ஆனால் அவர் குறித்த நோய் உண்மையானது. அதே புதினத்தில் ஆப்பிரிக்கக் குடியேற்றத் திட்டத்திற்குக் கடிதம் எழுதியவாறே தன் பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு விழுவதைக் காணாத திருமதி ஜெலிபி வருகிறாள். செங்கல் அறுப்போனின் குடிசைக்குள் துண்டுப் பிரசுரங்களோடு புகுந்து உரத்த குரலில் புத்தி சொல்லும் திருமதி பார்டிகிள் வருகிறாள். தாயின் மடியில் குழந்தை நோயுற்றுக் கிடப்பது அவள் கண்ணிற் படவில்லை. அவள் போனபின் அக்குழந்தை இறக்கிறது. உடன்வந்த எஸ்தர் தன் கைக்குட்டையால் அதனை மூடுகிறாள். அறம் செய்வதிலும் ஒரு பேராசை உண்டு என்பது டிக்கன்ஸின் கண்டுபிடிப்பு. அது பொருளைத் தேடுவதில்லை. தன் பெயர் அச்சிட்ட பட்டியலைத் தேடுகிறது.

டிக்கன்ஸின் கண்ணிலும் ஓர் உத்திரம் இருந்தது. 1857-இல் இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின் செய்தி கேட்டு, தாம் இங்குப் படைத்தலைவராயிருந்தால் அவ்வினத்தையே அழித்தொழிக்க முயல்வதாகத் தனிக் கடிதமொன்றில் எழுதினார். 1853-இல் பழங்குடி மக்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் படிக்க வெட்கந்தருவது. ஜோவுக்காக அழுதவரின் இரக்கம் இங்கிலாந்தின் கடற்கரையோடு பெரும்பாலும் நின்றுவிட்டது. எஸ்.பி.ஜி.யின் வாசற்படியைப் பழித்தவரினும், அவ்வாசலிலிருந்து புறப்பட்டு வந்தவர்கள் சிலர் நம் மக்களை மனிதராக மதித்தனர் என்பதையும் சேர்த்தே எழுதுதல் நேர்மை.

அந்தோனி டிரோலப் 1855-இல் எழுதிய தி வார்டன் குருமாரைப் பற்றிய கதை, சிரித்தபடியே சுடுவது. பார்செஸ்டர் என்னும் கற்பனை நகரில் 1434-இல் கம்பளி வணிகர் ஒருவர் பன்னிரண்டு ஏழை முதியோருக்கென அறச்சாலை ஒன்றை நிறுவித் தம் நிலங்களை எழுதிவைத்தார். நானூறு ஆண்டுகளில் நிலத்தின் வருவாய் பெருகிற்று. முதியவர் ஒவ்வொருவரும் பெறுவது நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் நான்கு பென்ஸ். பன்னிருவருக்கும் சேர்த்து ஆண்டிற்கு ஏறத்தாழ 292 பவுன். அவர்களைக் கண்காணிக்கும் குருவுக்கு வீட்டோடு 800 பவுன். அக்குரு ஹார்டிங் தீயவர் அல்லர். இசையில் தோய்ந்தவர்; முதியோரிடம் மெய்யன்புடையவர்; தம் கையிலிருந்து நாளைக்கு இரண்டு பென்ஸ் அவர்களுக்குக் கூட்டிக் கொடுப்பவர். இதுவே கதையின் வலிமை. ஸ்குரூஜைப் பார்த்து, நான் அவனல்லன் என்று எந்தக் குருவும் ஆறுதல் கொள்ளலாம். ஹார்டிங்கைப் பார்த்து அவ்வாறு சொல்வது கடினம்.

இதற்கு மெய்யான நிகழ்ச்சிகள் பின்னணியாயிருந்தன. வின்செஸ்டரின் புனித சிலுவை அறச்சாலைக்கு, அங்குப் பேராயராயிருந்த தந்தையால் 1808-இல் தலைவராக நியமிக்கப்பட்ட கில்ஃபோர்டு பிரபு, பெரும் வருவாயை எடுத்துக்கொண்டதாக வழக்கு நடந்தது. அவர் 1855-இல் பதவி விலகினார். ராச்செஸ்டரில், பேராலயப் பள்ளியின் ஏழை மாணவருக்குரிய பணத்தைத் தலைமைக் குருமார் பங்கிட்டுக்கொள்வதாக, அப்பள்ளியின் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன் 1849-இல் நூல் எழுதி அம்பலப்படுத்தினார்.

புதினத்தில் செய்தித்தாள் ஹார்டிங்கைத் தாக்குகிறது. சீர்திருத்தத்தில் ஆர்வங்கொண்ட இளைஞன் வழக்குத் தொடுக்கிறான். முதியோர்க்கு ஆளுக்கு ஆண்டிற்கு நூறு பவுன் கிடைக்குமென்ற ஆசை ஊட்டப்படுகிறது, நன்றியோடிருந்தவர்கள் கையொப்பமிடுகின்றனர். ஏழைகளையும் பேராசை தொடக்கூடும் என்று காட்ட டிரோலப் அஞ்சவில்லை. ஹார்டிங்கின் மருமகனாகிய ஆர்ச்டீக்கன் கிராண்ட்லி, திருச்சபையின் உரிமையைக் காப்பதே கடமையென முழங்குகிறார். நாட்டின் தலைமை வழக்கறிஞர், வழக்கு விழுந்துவிட்டது, அஞ்சவேண்டா என்கிறார். ஹார்டிங் கேட்டதோ வேறு: இப்பணம் எனக்கு உரியதுதானா என்பது. சட்டம் அதற்கு விடை சொல்லவில்லை. எவரும் கட்டாயப்படுத்தாத நிலையில் அவர் பதவியைத் துறந்து, ஆண்டிற்கு 75 பவுன் வருமானமுள்ள சிறு சபைக்குப் போகிறார்.

டிரோலப் இத்தோடு முடித்திருந்தால் நமக்கு நல்ல பிரசங்கக் கதை கிடைத்திருக்கும். அவர் முடிக்கவில்லை. பேராயர் புதியவரை நியமிக்காமல் விட்டுவிடுகிறார். முதியோர் சிலர் இறக்கின்றனர், அவ்விடங்கள் நிரப்பப்படவில்லை. தோட்டம் பாழாகிறது. எவருக்காகச் சீர்திருத்தம் கோரப்பட்டதோ அவர்களுக்கு நூறு பவுனும் இல்லை, இரண்டு பென்ஸும் இல்லை, அன்போடு பேச ஒருவரும் இல்லை. அதே நூலில் டிக்கன்ஸைக் கேலிப் பெயரிட்டு, தீமையைக் கொம்பும் வாலுமாக வரைந்து காட்டுபவரென டிரோலப் நகையாடுகிறார். அந்நகைப்பில் நியாயமுண்டு. எனினும் அவருடைய மென்மை அநீதியை நீடிக்க விடுவோர்க்குப் புகலிடமாகவும் கூடும் என்பதை நாம் விழிப்போடு நோக்குதல் வேண்டும். ஹார்டிங்கின் அன்பு உண்மையானது. 800 பவுனும் உண்மையானது.

டிக்கன்ஸ் முழுமையாக எழுதி முடித்த கடைசிப் புதினம் 1864–65-இல் வெளிவந்த அவர் மியூச்சுவல் ஃபிரெண்டு. அதில் பாட்ஸ்னாப் என்னும் செல்வர் தம் வீட்டு விருந்தில் அமர்ந்திருக்கிறார். அண்மையில் ஆறேழு பேர் தெருவில் பட்டினியால் இறந்ததை ஒரு சாதுவான விருந்தினர் தயங்கியபடியே நினைவூட்டுகிறார். பாட்ஸ்னாப் முதலில் நம்ப மறுக்கிறார். பின்னர் அது அவர்கள் குற்றம் என்கிறார். இறுதியில் ஏழைகள் எப்போதும் நம்மோடிருப்பர் என்று கடவுளே சொல்லியிருப்பதாக முடிக்கிறார். இவ்வசனத்தை இவ்வாறு ஆண்டவர் பாட்ஸ்னாப் ஒருவர் மட்டும் அல்லர். மாற்கு நற்செய்தியில் அதனைத் தொடர்ந்தே, விரும்பும்போதெல்லாம் அவர்களுக்கு நன்மை செய்யலாம் என்னும் கருத்து வருகிறது. ஆண்டவர் நினைவூட்டிய உபாகமம் பதினைந்தாம் அதிகாரமோ, ஏழை இருப்பதனாலேயே கையைத் திறந்து கொடு என்று கட்டளையிடுகிறது. பாதி வசனம் பாட்ஸ்னாப்பின் கதவுக்குத் தாழ்ப்பாளாயிற்று.

அதே புதினத்தில் பெட்டி ஹிக்டன் என்னும் மூதாட்டி வருகிறாள். எண்பது வயதை நெருங்கியவள். துணி பிழிந்தும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் பிழைப்பவள். ஏழையர் விடுதியின் பெயர் கேட்டாலே நடுங்குகிறாள். அந்நடுக்கத்திற்குக் காரணமுண்டு: 1832-ஆம் ஆண்டு உடற்கூற்றுச் சட்டத்தின்படி, உரிமை கோருவோர் இல்லாமல் விடுதியில் இறந்தோரின் உடல் மருத்துவப் பள்ளிகளின் அறுவைக்குப் போகலாம். தன்னை அடக்கம் செய்வதற்குரிய பணத்தை உடையின் உட்புறத்தில் தைத்துக்கொண்டு, கூடையில் சிறு பொருள்களை விற்றபடி நாட்டுப்புறச் சாலைகளில் அலைகிறாள். உதவி செய்ய வருவோரைக் கண்டு, விடுதியில் சேர்த்துவிடுவரோ என்று ஓடுகிறாள். முப்பது ஆண்டுகளாக நாடு ஏழைகளுக்குச் செய்துவந்த உதவியைக் கண்டு ஓர் ஏழை தப்பியோடுகிறாள்.

தேம்ஸ் ஆற்றின் கரையில், ஒரு காகித ஆலையின் அருகே, ஆலைப் பெண்ணொருத்தியின் மடியில் அவள் உயிர் பிரிகிறது. அடக்க ஆராதனையை நடத்த வருபவர் ஃபிராங்க் மில்வி என்னும் உதவிக் குரு. பெருஞ்செலவில் படித்துச் சொற்ப ஊதியம் பெறுபவர். ஆறு பிள்ளைகளின் தந்தை. வேலை மிகுதியால் களைத்தவர். ஆலிவர் டுவிஸ்டில் சவப்பெட்டிகளை விரைந்து புதைத்துவிட்டுப் போகும் குருவை வரைந்த டிக்கன்ஸ், இவரை அன்போடு வரைந்திருக்கிறார். இத்துயர உலகிலிருந்து இச்சகோதரியை விடுவித்ததற்காக நன்றி கூறும் பகுதியை வாசிக்கையில் மில்வியின் மனம் கலங்குகிறது. அச்சகோதரியின் துயரத்தில் எவ்வளவு கடவுளால் வந்தது, எவ்வளவு சட்டத்தால் வந்தது என்பது ஜெபப் புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. அடக்கச் செலவுக்குப் பிறர் கையை அவள் எதிர்பார்க்க நேரவில்லை. பணம் தைத்தபடியே இருந்தது.